கோதுமை வயலும் காகங்களும்

நம் கல்லூரி நூல்நிலையத்தில், பலரும் எடுத்துப் பாராத பெரிய நூல்களின் வரிசையில், மேனாட்டு ஓவியங்களை வண்ணத்தில் அச்சிட்ட தொகுதி ஒன்றுண்டு. அதன்கண் வின்ஸென்ட் வான் கோ என்னும் டச்சு ஓவியர் 1890-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தீட்டிய கோதுமை வயற் காட்சி ஒன்று காணப்படும். கருநீல வானம், அதன்கீழ்ப் பொன்னிறக் கோதுமை, இரண்டிற்கும் இடையே கரிய காகக் கூட்டம். சென்ற ஆண்டு மாணவர் சங்கக் கூட்டமொன்றில் நாம் இப்படத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு, “ஓவியர் இதனைத் தீட்டி முடித்துத் தூரிகையைக் கீழே வைத்த அக்கணமே, இவ்வயலிலேயே தம்மைச் சுட்டுக்கொண்டார், இஃது அவர் உலகிற்கு விடுத்த மரண ஓலை” என்று முழங்கினோம். அவையோர் கைதட்டினர். பின்னர் ஓவியரின் கடிதங்களையும் அவரைப் பற்றிய ஆராய்ச்சிகளையும் கற்கப் புகுந்தபொழுது, நாம் கூறியவற்றுட் பெரும்பகுதி பிழையென்று தெரிந்தது. பெற்ற கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஆதலின் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் படத்தையே நோக்குவோம். மூலப்படம் இன்று ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் வான் கோவின் பெயர் தாங்கிய காட்சிச்சாலையில் இருக்கிறது. அதன் உயரம் ஏறக்குறைய 50 செண்டிமீட்டர். அகலம் 103 செண்டிமீட்டர். அகலம் உயரத்தினும் இருமடங்காய் அமைந்த இத்தகைய கித்தான்களைத் தம் இறுதி வாரங்களில் அவர் விரும்பி மேற்கொண்டார். இவ்வளவு நீண்ட படத்தின் இரு கோடிகளையும் அருகே நிற்பவர் ஒரே பார்வையில் அடக்கவியலாது. வெட்டவெளியில் நிற்பார்போல இப்புறமும் அப்புறமும் தலையைத் திருப்பியே காணவேண்டும்.

மேற்பாகம் முழுதும் வானம். கருநீலமும் வெளிர்நீலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. முகிலோ ஒளியோ என்று துணிய இயலாத வெண்மை இரண்டிடங்களில் சுழல்கிறது. கீழே கோதுமை முற்றி விளைந்து நிற்கிறது. அதன் கதிர்களை ஓவியர் ஒவ்வொன்றாக எழுதினாரல்லர். தடித்த தைல வண்ணத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து விட்டிருக்கிறார். அவ்விழுப்புக்களே காற்றாகின்றன. முன்னணியில் மூன்று வழிகள் தோன்றுகின்றன. இடவழியும் வலவழியும் சட்டத்திற்கு வெளியே ஓடி மறைய, நடுவழி மட்டும் வயலினுள் நுழைந்து, வளைந்து, கதிர்களுக்கிடையே காணாமற் போகிறது. அது சென்று சேரும் வீடில்லை, கோயிற் கோபுரமில்லை, மரமும் இல்லை. மனிதர் ஒருவரும் இலர். காகங்களோ, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கரிய கீற்றுக்களே. அவை நம்மை நோக்கி வருகின்றனவா, நம்மை விட்டு விலகிப் போகின்றனவா? எத்துணை நேரம் உற்று நோக்கினும் நமக்கு விடை கிடைத்திலது.

வண்ணங்களின் சேர்க்கையையும் கவனித்தல் வேண்டும். நீலத்திற்கு எதிர் வண்ணம் செம்மஞ்சள். செம்மைக்கு எதிர் வண்ணம் பசுமை. எதிர் வண்ணங்கள் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் ஒன்று மற்றொன்றை மிகுவித்துக் காட்டும். இப்படத்தில் வானின் நீலத்தைக் கோதுமையின் பொன்மஞ்சள் தூண்டுகிறது. வழிகளின் செந்நிறத்தை அவற்றின் ஓரத்துப் பசும்புல் தூண்டுகிறது. மனம் கலங்கியவன் கைபோன போக்கில் அப்பிய வண்ணங்கள் அல்ல இவை. 1888-இல் ஆர்ல் என்னும் ஊரில் இரவுச் சிற்றுண்டிச்சாலை ஒன்றை வரைந்தபொழுது, சிவப்பையும் பச்சையையும் கொண்டு மாந்தரின் கொடிய உணர்ச்சிகளைப் புலப்படுத்த முயன்றதாக அவரே தம் இளவல் தியோவுக்கு எழுதினார். கண்ட நிறத்தை அப்படியே எழுதாமல் உணர்ந்ததை நிறத்தால் கூறுதல் என்னும் இந்நெறியை அவர் அறிந்தே கைக்கொண்டார். ஒரு தசாப்தத்திற்கும் பிற்பட்டுத் தோன்றிய உணர்ச்சி ஓவியர்கள் அவரைத் தமக்கு முன்னோடியாகக் கொண்டதும் இதனாலேயே.

நிலத்தைக் கொண்டு நெஞ்சைக் கூறுதல் தமிழ் பயில்வார்க்குப் புதிதன்று. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளைத் தாங்கி நிற்பதை நாம் தொல்காப்பியத்திற் கற்கிறோம். இப்படத்தில் விளைந்த வயலும் ஜூலை மாதத்துப் புயல்வானும் முதற்பொருள். காகமும் கோதுமையும் கருப்பொருள். உரிப்பொருள் யாது? இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. மாலையும் கடலும் கண்ட அளவில் இரங்கலென்று நாம் துணிவதற்கு நெடுங்கால மரபு துணைநிற்கிறது. வான் கோவுக்கு அத்தகைய மரபில்லை. தம் நிலத்திற்குரிய பொருளைத் தாமே ஆக்கிக்கொண்டார். ஆகவே படத்தின் உரிப்பொருளை அறிய விரும்புவார் அவருடைய வாழ்க்கையையும் கடிதங்களையும் தேடிச் செல்லவேண்டியிருக்கிறது. அங்ஙனம் தேடுவார்க்குக் குறையில்லை. அவர் எழுதிய கடிதங்களுள் எண்ணூற்றுக்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன.

அவர் 1853-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் ஹாலந்து தேசத்து ஸுண்டெர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் புரொட்டஸ்டாண்டுத் திருச்சபையின் போதகர். பதினாறாம் வயதில் ஓவிய வணிக நிலையமொன்றில் வேலைக்கமர்ந்து, ஹேக், லண்டன், பாரிஸ் நகரங்களிற் பணிபுரிந்து, 1876-இல் வேலையிழந்தார். அவ்வாண்டே இங்கிலாந்தில் பள்ளி உதவியாசிரியராயிருந்தபொழுது ரிச்மண்டிலுள்ள மெதடிஸ்டு ஆலயத்தில் முதன்முறையாகப் பிரசங்கம் செய்தார். இப்பிரசங்கத்தின் வாசகத்தை அவர் தம் இளவலுக்கு எழுதியனுப்பினமையால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது.

நம் கல்லூரி மாணவர் இப்பிரசங்கத்தை ஒருமுறையேனும் படித்தல் நன்று. பூமியிலே தான் பரதேசி என்று கூறும் சங்கீத வசனத்தை அவர் மூலவாக்கியமாக எடுத்துக்கொண்டார். மனித வாழ்வு ஒரு யாத்திரையே என்றார். துக்கமும் இடைவிடாத மகிழ்ச்சியும் ஒரே நெஞ்சில் ஒருங்கே தங்கும் என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய கருத்தை எடுத்தோதினார். இது அவர் தம் கடிதங்களிலும் பன்முறை எடுத்தாண்ட கருத்து. பிரசங்கத்தின் இறுதியில் தாம் முன்னர்க் கண்ட ஓவியம் ஒன்றை விரித்துரைத்தார்: மாலைப் பொழுது, விரிந்த நிலப்பரப்பு, அதனூடே நெடிய வழியொன்று தொலைவிலுள்ள மலையை நோக்கிச் செல்கிறது, மலைமேல் ஒரு நகரம், வழியிலே யாத்திரிகன் ஒருவன். ஓவியராகும் எண்ணமே தோன்றாத இருபத்து மூன்று வயதில், அவருடைய உள்ளத்தில் வயலும் வானும் வழியும் சமயப் பொருளோடு கலந்திருந்தன என்பது இதனாற் போதரும்.

பின்பு ஆம்ஸ்டர்டாமில் இறையியற் கல்லூரிக்குப் புகுவதற்குரிய பாடங்களைப் படிக்க முயன்று கைவிட்டார். 1879-இல் பெல்ஜியம் நாட்டுப் பொரினாஜ் என்னும் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் சுவிசேஷ ஊழியரானார். ஆங்குத் தம் உடைகளை ஏழைகளுக்கு ஈந்து, குடிசையொன்றில் வைக்கோலின்மேற் படுத்தார். ஊழியத்தை மேற்பார்வை செய்த குழுவினர், இக்கோலம் ஊழியர்க்குத் தகாதென்று கருதிச் சில திங்களில் அவரை நீக்கினர். கிறிஸ்துவின் சொல்லை எழுத்துப் பிசகாமல் கைக்கொண்டதற்காகக் கிறிஸ்தவ ஊழியத்தினின்று ஒருவர் நீக்கப்படுவதாயின், அதனைப் படிக்கும் நம் போன்றார்க்கு நாணம் உண்டாகாமற் போகாது. 1880-இல், இருபத்தேழாம் வயதில், அவர் ஓவியத் தொழிலை மேற்கொண்டார். அதன்பின் அவருக்கு வாய்த்தவை பத்தே ஆண்டுகள்.

அப்பத்தாண்டின் சரித்திரம் பலரும் அறிந்ததே, விரைந்து கடப்போம். 1888-இல் தென்பிரான்ஸிலுள்ள ஆர்ல் நகரத்திற் குடியேறினார். அவ்வாண்டு டிசம்பரில், உடன் தங்கிய ஓவியர் கோகனோடு பிணங்கிய பின்னர்ச் சித்தம் கலங்கித் தம் காதை அறுத்துக்கொண்டார். 1889 மே முதல் ஓராண்டு ஸான் ரெமி என்னுமிடத்து மனநோய் மருத்துவ விடுதியில் தாமே விரும்பித் தங்கினார். புகழ்பெற்ற ‘விண்மீன் இரவு’ அவ்விடத்தே தீட்டப்பெற்றது. 1890 மே 20-ஆம் நாள், பாரிஸுக்கு அணித்தாயுள்ள ஓவேர் என்னும் கிராமத்தை அடைந்து, சிறு விடுதியொன்றின் மேலறையில் தங்கினார். எழுபது நாள் அங்கிருந்தார். ஏறக்குறைய நாளுக்கொரு படம் வரைந்தார்.

நோயே அவருக்குக் கலையைத் தந்தது என்று கூறுவாரும் உளர். அஃது உண்மைக்கு மாறானது. நோய் முறுகிய நாட்களில் அவர் பெரும்பாலும் தூரிகை எடுக்கவியலாதவராய்க் கிடந்தார். ஸான் ரெமியில் ஒருமுறை வெறிநிலையில் வண்ணக் குழம்பையே விழுங்க முற்பட்டமையால், மருத்துவர் அவருக்கு வண்ணங்கொடாது தடுத்தும் வைத்தனர். நோய் தணிந்து தெளிவு பிறந்த நாட்களிலேயே அவர் வரைந்தார். அத்தெளிவு எத்துணை நாள் நிற்குமோ என்னும் அச்சத்தால் விரைந்தும் வரைந்தார். அவருடைய தூரிகையின் வேகத்தைப் பித்தின் வேகமென்று கூறுவார் இதனை நினைத்தல் வேண்டும்.

இனி ஜூலைத் திங்களுக்கு வருவோம். 6-ஆம் நாள் பாரிஸ் சென்று தியோவைக் கண்டார். தமையனுக்கு ஆண்டுக்கணக்காகத் திங்கள்தோறும் பொருளுதவி செய்துவந்தவர் தியோ. அவருடைய சிறு குழந்தை அண்மையிலேதான் நோயுற்றிருந்தது. தியோ தம் முதலாளிகளோடு பிணங்கி வேலையை விட்டுவிடலாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தார். தாம் அக்குடும்பத்திற்குப் பாரமாகிவிட்டோமோ என்னும் எண்ணம் வின்ஸென்டின் உள்ளத்திற் புகுந்தது. ஓவேருக்கு மீண்டு சில நாளில் அவர் எழுதிய கடிதத்தில், அவர்களை அச்சுறுத்தும் புயல் தம்மேலும் கவிந்திருப்பதாகவும், தம் அடிகளும் தள்ளாடுவதாகவும், தூரிகை கையினின்று நழுவும் நிலையிலும் மூன்று பெரிய கித்தான்களை வரைந்துவிட்டதாகவும் தெரிவிக்கிறார். கலங்கிய வானத்தின்கீழ் எல்லையின்றிப் பரந்த கோதுமை வயல்கள் அவற்றுட் சேர்ந்தவை என்கிறார். காகப் படம் அவற்றுள் ஒன்றென்று ஆராய்ச்சியாளர் கருதுவர். துயரத்தையும் மிகுந்த தனிமையையும் அவ்வயல்களில் புலப்படுத்தத் தாம் தயங்கவில்லை என்று அவர் எழுதுகிறார். படத்தை மரண ஓலை என்பார் யாவரும் இவ்வாக்கியத்தையே எடுத்துக்காட்டுவர். நாமும் சங்கத்தில் இதனையே எடுத்துக்காட்டினோம்.

ஆனால் கடிதம் அங்கே முடியவில்லை. அடுத்த வரிகளிலேயே அவர், இப்படங்களை விரைவில் பாரிஸுக்குக் கொண்டுவர எண்ணுவதாகவும், தாம் சொற்களாற் கூறவியலாததை இவை கூறுமென்றும், அஃதாவது நாட்டுப்புறத்தில் தாம் காணும் நலத்தையும் உள்ளத்திற்கு உரந்தரும் தன்மையையும் இவை கூறுமென்றும் எழுதுகிறார். குழந்தைக்குத் தூய காற்றும் நாட்டுப்புறமும் நன்மை பயக்கும் என்பது அவர் இடைவிடாது வற்புறுத்தியதொன்று. துயரமும் தனிமையும் ஒரு வாக்கியத்தில். நலமும் உரமும் மறு வாக்கியத்தில். முன்னதை மட்டும் படித்துப் பின்னதை விட்டவர் நாமே. அவர் இரண்டையும் எழுதினார். ஏறக்குறைய அந்நாட்களிலேயே தம் தாய்க்கும் தங்கைக்கும் எழுதிய கடிதத்தில், கடல்போல் அகன்ற கோதுமைச் சமவெளியில் முழுதும் ஈடுபட்டிருப்பதாகவும், அதனை வரைவதற்கேற்ற மிகுந்த அமைதியோடு தம் மனம் இருப்பதாகவும் தெரிவிக்கிறார். மனவமைதி உண்மையோ, தாயைத் தேற்றுதற்குச் சொல்லியதோ என்று ஐயுறுவார் ஐயுறுக. எனினும், மேற்கூறிய புயலும் இவ்வமைதியும் ஒரு வாரத்திற்குட்பட்ட இரு கடிதங்களில் வெளிப்பட்டிருத்தலை மறைத்தல் நேர்மையாகாது.

கோதுமை அவருக்கு எதனைக் குறித்தது? இதற்கும் அவர் கடிதத்திலேயே விடையுண்டு. 1889-இல் ஸான் ரெமியில், கொளுத்தும் வெயிலில் கோதுமை அறுக்கும் ஒருவனை வரைந்தார். அவ்வறுப்போனிடம் மரணத்தின் சாயலைக் கண்டதாகவும், அறுக்கப்படும் கதிர்கள் மனித குலமே என்றும் கூறிவிட்டு, ஆயினும் இம்மரணத்தில் துக்கமில்லை, பட்டப்பகலில் பொன்னொளி பரவி நிற்க இது நிகழ்கிறது என்ற கருத்துப்பட எழுதினார். கோதுமை மணியைப் பற்றிய கிறிஸ்துவின் உவமையைத் தந்தையின் வீட்டிற் கேட்டு வளர்ந்தவர் அவர்.

காகம் கெட்ட குறி என்பார் மேனாட்டிலும் பலர். ஆயினும் போதகர் மகனுக்கு வேறு காகங்களும் தெரிந்திருக்குமன்றோ? எலியா தீர்க்கதரிசிக்கு அப்பமும் இறைச்சியும் கொணர்ந்தவை காகங்கள். விதையாமலும் அறுக்காமலும் தேவனால் உண்பிக்கப்படுகின்றனவென்று கிறிஸ்து சுட்டிக்காட்டியவையும் காகங்கள். ஓவியர் அவற்றையே நினைத்து வரைந்தார் என்று நாம் சாதிக்க வரவில்லை. விளைந்த வயலில் காகம் இறங்குவது எங்கும் உள்ள இயல்பாதலின், கண்டதை வரைந்திருக்கவும் கூடும். சாவு ஒன்றையே அவற்றினிடம் காண்பதற்குப் படத்திலே ஆதாரமில்லை என்பதே நம் துணிபு.

விடுதியில் நம் அறைத்தோழர் ஒருவர் உழவர் குடியிற் பிறந்தவர். ஓவியரின் கதை ஒன்றும் அறியாதவர். படத்தை அவர் கையிற் கொடுத்து, “இஃது என்ன தோன்றுகிறது?” என்று வினவினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, “விளைச்சல் நல்ல விளைச்சல்தான், மழை இறங்குமுன் அறுத்துக் கரைசேர்க்க வேண்டுமே” என்றார். அன்றிரவு நாம் படத்தை மீண்டும் நோக்கினோம். சாவினும் பெரியதொரு பதைப்பு அதிலே தெரிந்தது: விளைந்துவிட்டது, வானம் கறுத்துவிட்டது, ஆளில்லை, நேரமில்லை. நாளுக்கொரு படமாகத் தீட்டிக்கொண்டிருந்தவரின் மனநிலைக்கு இதனினும் பொருத்தமான உரையை நாம் எந்நூலிலும் கண்டிலம்.

நடுவழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1876-இல் பிரசங்க மேடையில் அவர் விரித்துரைத்த வழி, மலைமேலுள்ள நகரத்தை நோக்கிச் சென்றது. 1890-இல் வரைந்த வழி கோதுமைக்குள் மறைகிறது. நம்பிக்கை அற்றுப்போயிற்று என்று இதற்குப் பொருள் கூறலாம். வழி முடிந்ததன்று, வளைவில் மறைந்தது, அப்பாலுள்ளது நிற்பவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் கூறலாம். ஓவியர் இரண்டிற்கும் இடந்தந்திருக்கிறார். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளும்படி நம்மை அவர் வற்புறுத்தவில்லை.

இறுதிப் படம் இதுவே என்னும் கட்டுக்கதை எங்ஙனம் பரவிற்று? பலகாலம் வாய்மொழியாய் வழங்கிய இதனை 1956-இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படமொன்று உலகெங்கும் நிலைநாட்டிவிட்டது. அதில் நடிகர் காகங்களுக்கிடையே நின்று இப்படத்தை வரைந்தவாறே முடிவைத் தேடிக்கொள்கிறார். உண்மையிற் காகப் படம் முடிந்த பின்னரும் அவர் இரண்டு வாரத்திற்கு மேல் உயிரோடிருந்து வேறு பல படங்கள் வரைந்தார். அவர் கடைசியாக வரைந்தது ‘மரவேர்கள்’ என்னும் முற்றுப்பெறாத படமென்று இன்று பெரும்பாலோர் ஒப்புகின்றனர். தியோவின் மைத்துனர், இறப்பிற்கு முந்திய காலையில் அவர் வெயிலும் உயிரும் நிறைந்த காட்டுக் காட்சியொன்றை வரைந்ததாக எழுதிவைத்தமை இதற்குச் சான்று. 2020-ஆம் ஆண்டில், பழைய அஞ்சலட்டை ஒன்றிலுள்ள நிழற்படத்தைக் கொண்டு, அவ்வேர்கள் இருந்த இடத்தையும் விடுதிக்கு அண்மையிலேயே கண்டுபிடித்தனர். அடிமண் சரிந்தும் விடாது பற்றிநிற்கும் வேர்கள் அப்படத்தில் நீலமும் பச்சையுமாகப் பின்னிக் கிடக்கின்றன. வானமே இல்லை. காகமும் இல்லை.

ஜூலை 23-ஆம் நாள் தியோவுக்கு அவர் அனுப்பிய கடைசிக் கடிதத்துடன் தமக்கு வேண்டிய வண்ணங்களின் பட்டியலும் இருந்தது. நான்கு நாள் கழித்து, 27-ஆம் நாள் மாலை, வெளியே சென்றவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட காயத்தோடு விடுதிக்குத் திரும்பினார். பிறர் கையால் தற்செயலாய் நேர்ந்ததென்று 2011-இல் இருவர் வாதித்தனர். அறிஞருட் பெரும்பாலார் அதனை ஏற்றிலர். 29-ஆம் நாள் விடியுமுன், தியோ அருகிலிருக்க, முப்பத்தேழாம் வயதில் உயிர் நீத்தார். வண்ணங்கள் வேண்டுமென்று எழுதியவரை நான்கு நாளில் இம்முடிவிற்குத் தள்ளியது யாது என்பதைக் காகப் படத்திடம் கேட்பது வீண். அப்படம் பிறந்த நாளில் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். அது கூறுவதும் அந்நாளைய நெஞ்சையே.

சவப்பெட்டி வைத்த விடுதியறையின் சுவர்களில் அவருடைய இறுதிக்காலப் படங்களை நண்பர்கள் மாட்டிவைத்தனர். அவர் விரும்பிய மஞ்சள் மலர்களைச் சுற்றிலும் குவித்தனர். ஆறு திங்களுக்குள் தியோவும் இறந்தார். 1914-இல் தியோவின் மனைவியார் யோ, கணவரின் எலும்புகளை ஹாலந்திலிருந்து கொணர்ந்து தமையன் அருகே அடக்கம் செய்வித்தார். சகோதரரின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டதும் அவ்வாண்டே. ஓவேர்க் கல்லறைத் தோட்டம் கிராமத்திற்கு மேலுள்ள சமவெளியில் இருக்கிறது. இரு கல்லறைகளின் மேலும் ஒரே பசுங்கொடி படர்ந்திருக்கிறது. மதிற்சுவருக்கு அப்பால் வயல்கள்.